மற்ற கையால் ஐந்து குண்டு

வெண்டல் ஸ்ட்ரவுட் இடது கையால் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுபத்தொரு வருடம் வலது கைக்காரராக வாழ்ந்துவிட்டு, போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை இடது கைக்காரராக மாறிவிடுவதென்று முடிவெடுத்தவர் அவர். முடிவு அவருடையது; கைக்குத் தகவல் இன்னும் முழுசாகப் போய்ச் சேரவில்லை. முட்கரண்டி தட்டிலிருந்து ஒழுங்காகத்தான் கிளம்பியது. வழியில் எங்கேயோ யோசிக்க ஆரம்பித்து, கடைசியில் மோவாயில் வந்து இறங்கியது.

"வாய் இன்னும் கொஞ்சம் மேல இருக்கு, வெண்டல்" என்றாள் லோரேன். அவள் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நாற்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவளுக்குப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

வலது கை மேசைக்கு அடியில், தொடைமேல், தன் பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. மருத்துவர் அது அந்தப் பெரிய வியாதி இல்லை, இது வேறு, சின்னது என்று சொல்லியிருந்தார். ஆளைக் கொல்லாது, கூடவே இருக்கும் என்றார். மைத்துனரைப் பற்றி இதையே சொல்லியிருந்தாலும் வெண்டலுக்கு இதே அளவு ஆறுதல்தான் கிடைத்திருக்கும்.

"இன்னைக்கு அந்தக் கையாலயா சுடப்போற?"

"ஆமா."

"முட்டையே தப்பிக்குது."

"முட்டை வழுக்கும். காகிதம் வழுக்காது."

லோரேன் செய்தித்தாளை மடித்தாள். "அந்தக் கார்டு இல்லன்னா சர்ச்சுக்குள்ள விடமாட்டாங்களா உன்னை?"

"விடுவாங்க."

"பின்ன என்ன?"

"கதவுகிட்ட உட்கார விடமாட்டாங்க."

"நல்லதுதான். எட்டு வருஷமா மூணாவது வரிசைல நான் விதவை மாதிரி தனியா உட்கார்ந்திருக்கேன். வந்து பக்கத்துல உட்காரு."

அவர் மோவாயிலிருந்த முட்டையைத் துடைத்தார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தால் பின்னால் முப்பது வரிசை இருக்கும். எழுந்து நிற்கும்போதும் உட்காரும்போதும் காணிக்கைத் தட்டை வாங்கிக் கொடுக்கும்போதும் அத்தனை கண்களும் கையைப் பார்க்கும். கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரை யாரும் பார்ப்பதில்லை. அவர்தான் எல்லோரையும் பார்ப்பார். முப்பத்தோரு வருட உத்தியோகத்தில் அவருக்குப் பிடித்திருந்தது இந்த ஒன்றுதான். வேலை, தொப்பி, காலில் போடும் கனத்த பூட்ஸ் எல்லாம் போன பிறகு மிச்சமிருப்பதும் அதுதான்.

ஓய்வுபெற்ற போலீஸ்காரர் எந்த மாநிலத்துக்குப் போனாலும் துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்து எடுத்துப்போகலாம் என்று ஒரு சட்டம் இருக்கிறது. ராணுவத் தளங்களைக் காவல் காத்தவர்கள் முதலில் அதில் சேர்த்தியில்லை. அவர்களும் போலீஸ்தானா என்று வாஷிங்டனில் ஒன்பது வருடம் யோசித்து, கடைசியில் போலீஸ்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். தளத்தில் சீருடைச் சிப்பாயாக இருந்த ராணுவப் போலீசும் வரலாம், வெண்டலைப் போல சிப்பாயாக இல்லாமல் சம்பளத்துக்கு வேலை பார்த்த சாதாரணப் போலீசும் வரலாம். ஒரு நிபந்தனை: வருடத்துக்கு ஒருமுறை சுட்டுக்காட்ட வேண்டும். முப்பது குண்டு. இருபத்துநான்கு உள்ளே விழுந்தால் கார்டு கிடைக்கும், இன்னும் ஒரு வருடத்துக்கு நீங்கள் போலீஸ்காரர். இருபத்துமூன்று விழுந்தால் துப்பாக்கி வைத்திருக்கும் ஒரு கிழவர். சர்ச்சின் பாதுகாப்புக் குழு இந்த வித்தியாசத்தை எழுத்தில் வைத்திருந்தது. கார்டு செல்லுபடியானவருக்கு மட்டுமே கதவருகே நாற்காலி. அந்த விதியை எழுதிக்கொடுத்தவரும் வெண்டல்தான். எட்டு வருடத்தில் அந்த நாற்காலியிலிருந்து அவர் தடுத்து நிறுத்தியது ஒரு தெருநாயையும், தவறான சர்ச்சுக்கு வந்துவிட்ட ஒரு கல்யாணக் கோஷ்டியையும்.

அவர் வேலை பார்த்த ராணுவத் தளத்தின் வாயிலில் அன்று பணியில் இருந்தது ஒரு தனியார் நிறுவனத்தின் ஆள். நடுத்தர வயது, தூக்கம் போதாத முகம்.

"எதுக்கு வந்தீங்க சார்?"

"வருஷாந்திரச் சுடும் பரீட்சை. ஓய்வு பெற்றவங்களுக்கு."

"வண்டில துப்பாக்கி இருக்கா?"

"இருக்கு."

"துப்பாக்கியோட உள்ள விடக்கூடாது சார்."

"துப்பாக்கி இல்லாம எப்படிச் சுடறது?"

அந்த ஆள் இதைப் பற்றி நேர்மையாக யோசித்தார். பிறகு யாருக்கோ போன் செய்தார். பின்னால் பதினோரு வண்டிகள் நின்றன. முன்னறிவிப்பில்லாமல் தளத்துக்குள் தனியார் ஆயுதம் வரக்கூடாது என்ற அந்த உத்தரவு கண்ணாடிச் சட்டத்துக்குள் சாவடிச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. தயாரித்தவர் என்ற இடத்தில் வெண்டலின் பெயர் இருந்தது. அவர் அதைச் சுட்டிக்காட்டவில்லை. நன்றாக எழுதப்பட்ட உத்தரவுதான். ஓர் ஓட்டை கிடையாது. இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார்.

சுடுதளத்தில் ஆறு பேர் வந்திருந்தார்கள். ஆறு பேருக்கும் சேர்த்து நான்கு நல்ல முழங்கால்கள் இருக்கலாம். மிசௌரியின் அக்டோபர் வெயில் ஓக் மரங்களைத் தாண்டி வந்து சரளைக்கல்மேல் படுத்திருந்தது. பயிற்றுநர் டெனீஸ் கோவாக் அட்டைப் பலகையில் செருகிய படிவங்களை ஒவ்வொருவரிடமும் நீட்டிக்கொண்டு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஆறு கிழவர்களைத் துப்பாக்கியோடு ஒரே வரிசையில் நிற்கவைப்பவரின் பொறுமை அவர் முகத்தில் இருந்தது.

"ஸ்ட்ரவுட் சார். போன வருஷம் முதன்மைக் கை வலதுன்னு எழுதியிருக்கீங்க. இப்போ இடதுன்னு இருக்கு."

"மாத்திக்கிட்டேன்."

"மாத்திக்கிட்டீங்களா?"

"கட்டாயமா பதில் எழுதச் சொல்லுது படிவம். மாத்தக்கூடாதுன்னு சொல்லலை."

டெனீஸ் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். உண்மைதான், சொல்லவில்லை.

"மேடம், அவரைச் சும்மா விடுங்க" என்றது பக்கத்துத் தடத்திலிருந்து ஒரு குரல். "வாயில் கதவு திறந்துவிடுற ஆளுங்க அவங்க. எந்தக் கையால திறந்தா என்ன?"

ஓடெல் பிக்கன்ஸ். ராணுவப் போலீசில் சார்ஜெண்டாக இருந்து ஓய்வுபெற்றவர், அறுபத்தெட்டு வயது, இன்னமும் வயிறு இல்லை. நண்பர் என்று சொல்லிவிட முடியாது. வருடத்தில் ஒரு நாள் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் நின்று சுட்டுவிட்டு, ஒருவரையொருவர் நீ போலீசே இல்லை என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள்.

"குடிச்சிட்டு விழுந்து கிடக்கிற சிப்பாயைத் தோள்ல தூக்கிட்டுப் போறதுக்குப் பேரு போலீஸ் வேலை இல்ல ஓடெல். அதுக்குப் பேரு சுமைகூலி."

"கை நடுங்குது, வாய் நடுங்கலை பாரு" என்றார் ஓடெல். மற்றவர்கள் சிரித்தார்கள். வெண்டல் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். சிரிக்காதவர் ஓடெல் ஒருவர்தான்.

அவர்களுக்குள் ஒரு பழைய விஷயம் இருந்தது. இருபத்தாறு வருடங்களுக்கு முன் இதே சுடுதளத்தில் மேற்பார்வை வெண்டலுடையது. ஓடெலுக்கு ஒரே ஒரு குண்டு குறைந்தது. அந்தக் காலத்திலும் இந்தக் காலத்திலும் ராணுவத்தில் இதற்கென்று ஒரு மருந்து உண்டு: பென்சில். பென்சில் முனை போடும் ஓட்டையும் ஒன்பது மில்லிமீட்டர் குண்டு போடும் ஓட்டையும் பார்க்க அக்கா தங்கை மாதிரி இருக்கும். ஒரு குத்து, ஒரு திருகு, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். அன்று தளத்தின் சார்ஜெண்ட் மேஜரே தன் பென்சிலை வெண்டலிடம் நீட்டினார். வெண்டல் அதை வாங்கி இருபத்துமூன்று என்று எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஓடெலிடமிருந்து ஆயுதத்தை வாங்கிக்கொண்டு, ஆறு மாதம் சாவிகள் கொடுத்து வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். அந்த ஆறு மாதத்தில் வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. ஓடெல் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் வெண்டலுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பதினைந்து கஜத்திலிருந்து பத்து குண்டு. இரண்டு கையாலும் பிடிக்கலாம், ஆனால் விசையில் இருக்க வேண்டியது முதன்மைக் கையின் விரல். மூன்று மாதமாகக் கார் கொட்டகையில் காலித் துப்பாக்கியை வைத்துக்கொண்டு, சுவரில் தொங்கும் பெயின்ட் டப்பாவைக் குறிபார்த்துப் பழகியிருந்தார். இடது கை மந்தமான மாணவன்; ஆனால் சொன்னதைக் கேட்கும். ஒவ்வொரு குண்டுக்கும் தனியாக உத்தரவு போட வேண்டியிருந்தது. மூச்சை விடு. நிறுத்து. அழுத்து. பத்தில் ஏழு உள்ளே விழுந்தது.

ஏழு கஜத்திலிருந்து பதினைந்து. உறையிலிருந்து எடுத்து மூன்று மூன்றாகச் சுட வேண்டும். இதற்காக இடது இடுப்பில் புது உறை வாங்கியிருந்தார். நடுவில் ஒருமுறை இடது கை சட்டையின் ஓரத்தையும் சேர்த்து இழுத்துவிட்டது. அந்த மூன்றில் ஒன்று எங்கேயோ போனது. டெனீஸ் விசில் ஊதி, எல்லோரையும் ஐந்து கஜத்துக்கு நடக்கச் சொன்னார். நடந்துகொண்டே வெண்டல் தன் காகிதத்தை எண்ணினார். காகிதத்தில் அச்சிட்ட மனித உருவத்தின் கோட்டுக்குள் இருபத்தொன்று. ஒருமுறைக்கு இரண்டுமுறை எண்ணினார். இருபத்தொன்றேதான். இன்னும் ஐந்து குண்டு. மூன்று போதும். ஐந்து கஜம் என்பது தாராளமான வரவேற்பறையின் அகலம். பல மாதங்களுக்குப் பிறகு அவர் உடம்பில் எங்கேயோ ஒரு இளைப்பாறல் வந்தது.

"கடைசிச் சுற்று" என்றார் டெனீஸ். "இப்போ மத்த கை. ஒத்தைக் கையால அஞ்சு குண்டு."

வெண்டல் துப்பாக்கியைப் பார்த்தார்.

முப்பத்தோரு வருடம் இந்தப் பரீட்சையை எழுதியிருக்கிறார், பதினோரு வருடம் மற்றவர்களுக்கு நடத்தியிருக்கிறார். கடைசிச் சுற்று மற்ற கைக்கு என்பது அவர் தூக்கத்தில் சொல்லக்கூடிய விஷயம். ஆனால் அவருடைய மனதில் மற்ற கை என்றால் இடது கை. எழுபத்தொரு வருடமாக அப்படித்தான். மூன்று மாதம் கொட்டகையில் நின்று, படிவத்தை வென்று, புது உறை வாங்கி, முட்டையை மோவாயில் அப்பி, எல்லாம் செய்தவருக்கு ஒன்று மட்டும் தோன்றவில்லை. இடது முதன்மையானால் மற்றது வலது.

"சார், துப்பாக்கியைக் கை மாத்துங்க" என்றார் டெனீஸ்.

மாற்றினார். வலது கைக்குத் துப்பாக்கியைக் கண்டதும் பழைய சிநேகிதனைப் பார்த்ததுபோல் நடுக்கம் இன்னும் அதிகமானது. குறிமுள் காகிதத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, வயிற்றிலிருந்து காதுக்கு, காதிலிருந்து ஓடெலின் தடத்துக்கு உலா வந்தது. டெனீஸ் அவர் அருகில் வந்து, வலப்பக்கம், ஒரு கை தூரத்தில் நின்றார்.

முதல் குண்டு உள்ளே. அது அதிர்ஷ்டம், அவருக்கே தெரிந்தது. இரண்டாவது கோட்டுக்கு வெளியே, வெள்ளையில். மூன்றாவது காகிதத்தைத் தொடவேயில்லை. பின்னால் மண்மேட்டில் தூசி எழும்பியது. நான்காவது மேல் மூலையைக் கிழித்தது. ஐந்தாவதை விடாமல் வைத்துக்கொண்டு நின்றார். அதனால் இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. இருந்தாலும் குண்டை மிச்சம் வைக்கக்கூடாது என்பது விதி. சுட்டார். மண்.

இருபத்திரண்டு.

பக்கத்துத் தடத்தில் ஓடெல் அப்போதுதான் சுட ஆரம்பித்திருந்தார். நிதானமாக, இடைவெளி விட்டு. வெண்டல் அதைப் பார்க்கவில்லை. துப்பாக்கியைக் காலியாக்கி, குண்டுப் பெட்டியைக் கழற்றி, பலகைமேல் வைத்துவிட்டு, தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் வரவில்லை. வந்தால் நன்றாக இருந்திருக்கும். கார் நிறுத்துமிடம் வரைக்கும் நடக்க வேண்டுமே என்ற சலிப்புதான் வந்தது.

டெனீஸ் சிவப்பு மார்க்கரால் ஒவ்வொரு ஓட்டையிலும் புள்ளி வைத்துக்கொண்டே எண்ணினார். "இருபது. இருபத்தொண்ணு. இருபத்திரண்டு." வெண்டல் படிவத்துக்காகக் கையை நீட்டினார். "இருபத்திமூணு. இருபத்திநாலு."

உருவத்தின் தொண்டைக்குழியில் இரண்டு ஓட்டைகள், ஒரு விரல் இடைவெளியில், பொத்தான் தைத்ததுபோல் இருந்தன. ஐந்து கஜத்துக்கு நடந்து வந்தபோது அங்கே எதுவும் இல்லை. அவருடைய எந்தக் கையும் தன் வாழ்நாளில் எதையும் அவ்வளவு நெருக்கமாகச் சுட்டதில்லை.

டெனீஸ் அந்த இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அடுத்த தடத்துக்குப் போனார். "பிக்கன்ஸ் சார், இருபத்தெட்டு. உங்களுக்கு எப்பவும் முப்பதாச்சே. ரெண்டு குண்டு காகிதத்தையே தொடலை."

"காத்து, மேடம்."

"அஞ்சு கஜத்துல?"

"எனக்கும் வயசாகுதில்ல."

டெனீஸ் ஓடெலைப் பார்த்தார், வெண்டலைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினோரு மணிக்கு இந்தச் சுடுதளத்துக்குப் பயிற்சிக்காகத் தீயணைப்புக்காரர்கள் வருகிறார்கள். "எல்லாரும் காலித் தோட்டாவைப் பொறுக்குங்க. அப்புறம் கையெழுத்து" என்றார்.

ராணுவத்துக்கு உங்கள் குறியைவிடக் காலித் தோட்டா முக்கியம். ஒன்று குறைந்தாலும் ஆளை விடமாட்டார்கள். ஆறு கிழவர்களும் வாளிகளோடு சரளையில் குனிந்தார்கள். குனிவது ஒரு காரியம், நிமிர்வது வேறொரு காரியம் என்பதால் எல்லோரும் குனிந்தபடியே நகர்ந்தார்கள். வெண்டல் ஓடெலின் பக்கமாக நகர்ந்தார்.

"ஏன்டா?"

"என்ன ஏன்?"

"அந்த ரெண்டு என்னோடது இல்ல."

"கண்ணு மங்கிப்போச்சு எனக்கு. காகிதம் மாறிப்போச்சு."

"உன் கண்ணுக்கு ஒண்ணுமில்ல."

ஓடெல் ஒரு தோட்டாவை எடுத்து, ஊதி, வாளியில் போட்டார். "அப்போ போய்ச் சொல்லு. அடுத்தவன் காகிதத்துல வேணும்னே சுட்டான்னு சொல்லு. என் கார்டையும் பிடுங்கிடுவாங்க. உனக்குத்தான் அது நல்லா வருமே."

வெண்டல் அவரைப் பார்த்தார். குனிந்த நிலையில் இரண்டு முகங்களும் ஓரடி தூரத்தில் இருந்தன. ஓடெலின் முகத்தில் கேலியைத் தேடினார், பழியைத் தேடினார். வியர்வைதான் இருந்தது.

"இருபத்தாறு வருஷம்" என்றார் வெண்டல். "இதுக்காகவா காத்துக்கிட்டிருந்த?"

"எனக்கு வேற வேலை இல்லயா? நீ அந்த மூணாவது குண்டை விட்டப்போ உன் மூஞ்சியைப் பார்த்தேன். சாவி ஜன்னலுக்குப் பின்னால உட்கார்ந்து கண்ணாடில தினமும் பார்த்த மூஞ்சி அது. பார்க்கச் சகிக்கலை. அவ்வளவுதான்." இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்தார். "இல்ல, பழிவாங்கினேன்னும் வச்சுக்கோ. உனக்கு எது சௌகரியமோ அது."

எது சௌகரியம் என்று வெண்டலுக்குத் தெரியவில்லை. டெனீஸ் படிவத்தையும் பேனாவையும் நீட்டினார். முதன்மைக் கையால் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் இடது கையால் போட்டார். தன் பெயரே வேறு யாருடைய பெயரையோபோல இருந்தது. டெனீஸ் அவர் கையிலிருந்து படிவத்தை வாங்கும்போது, குரலைத் தாழ்த்தி, "அடுத்த வருஷம் நான் இங்க இருக்கமாட்டேன் சார். வேற ஒருத்தர்தான் எண்ணுவாங்க" என்றார். வெண்டல் பேனாவை மூடிக் கொடுத்தார்.

லோரேன் வாசலில் நின்றிருந்தாள். அவர் கார்டைக் காட்டினார். "சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், மூன்றாவது வரிசையில் உட்காருவதற்கென்று எடுத்துவைத்திருந்த அவருடைய சட்டையைத் திரும்ப அலமாரியில் மாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை. வெண்டல் கதவருகே தன் நாற்காலியில் இருந்தார். கோட்டுக்கு அடியில், இடது இடுப்பில், துப்பாக்கி. சட்டைப்பையில் கார்டு. கண்ணெதிரே இருநூறு முதுகுகள். மூன்றாவது வரிசையில் லோரேனின் நரைத்த தலையும் அதன் பக்கத்தில் ஒரு காலி இடமும். வரவேற்பில் நிற்கும் பெண்மணி மிச்சமிருந்த வழிபாட்டுத் தாள்களைச் சன்னலோரத்தில் வைத்துவிட்டுப் பாட்டு ஆரம்பித்ததும் உள்ளே போய்விட்டாள்.

இரண்டாவது பாட்டின் நடுவில் கதவு திறந்தது. நாற்பது வயது இருக்கும் ஒருவன். ஊரில் பார்த்த முகமில்லை. அளவுக்கு மிஞ்சிய பெரிய கோட்டு, நனைந்து தொங்கியது. வலது கையைக் கோட்டுப்பைக்குள் வைத்திருந்தான். உள்ளே வந்தவன் நடக்காமல், அத்தனை முதுகுகளையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

வெண்டல் எழுந்தார். வலது கை சன்னலோரத்திலிருந்து ஒரு தாளை எடுத்தது. இடது கை கோட்டுக்குள் போனது. அவர் அதற்கு எந்த உத்தரவும் போடவில்லை. மூன்று மாதத்தில் முதல்முறையாக அது கேட்காமலே போனது. பிடி உள்ளங்கையில் குளிர்ச்சியாகப் பொருந்தியது.

தாளை நீட்டினார். அது படபடவென்று அடித்துக்கொண்டது. பாட்டையும் மீறிக் கேட்டது. வந்தவன் அந்தச் சத்தத்துக்குத் திரும்பி, தாளைப் பார்த்தான், அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான். பிறகு பைக்குள் இல்லாத கையால், அவசரப்படாமல், தாளின் மறு ஓரத்தைப் பிடித்தான்.

"ரொம்ப லேட்டாயிடுச்சா ஐயா?" என்றான். "பக்கத்துல எங்கயாச்சும் இடம் இருக்குமா?"

தாள் இருவருக்கும் நடுவில் ஆடாமல் நின்றது. அதன் ஓரத்தில் ஒரு மழைத்துளி விழுந்து மெல்லப் பரவியது. உள்ளே அடுத்த சரணத்தை ஆரம்பித்தார்கள். வெண்டலின் இடது கை பிடியை விட்டு மெல்லக் கோட்டுக்கு வெளியே வந்தது. இருவரில் யாரும் தாளை விடவில்லை.